பின்னால் உட்கார்ந்த குற்றம்

என் வீட்டுக்காரர் ஊர் சுற்றவென்றே ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினார். போடியிலிருந்து தனுஷ்கோடிக்கு என்னைக் கூட்டிப்போவதாக வாக்கு. கல்யாணமானதிலிருந்து கடலைப் பார்க்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். வண்டியின் பின்பக்கம் உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டியை மாட்டி, அதில் உலகத்துச் சாமானையெல்லாம் அடைத்தார். அது என் முதுகில் இடித்துக்கொண்டே வரும்.

தேனி ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்ததுமே வண்டி நெளிய ஆரம்பித்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். மறுநாள் ஜீப் ஸ்டாண்டில் பஞ்சாயத்து. போடியில் எந்த வண்டிக்கும் தீர்ப்புச் சொல்வது ஜீப் ஓட்டுகிறவர்கள்தான். குரங்கணி மலைக் கல்லுப் பாதையில் ஏலக்காய் மூட்டை ஏற்றுகிறார்களாம், அதனால் எல்லாம் அத்துப்படியாம்.

“மதினி பின்னாடி அசையிறாக அண்ணே. அதான் ஆடுது,” என்றார் ஒருவர்.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். வண்டியைவிட அந்தத் தலைதான் அதிகம் ஆடியது.

அதன்பின் மூச்சைக்கூட அடக்கி உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் ஆடியது. மெக்கானிக் ஹேண்டில் கழுத்தை இறுக்கிவிட்டார். வண்டி இன்னும் கோணிக்கொண்டு போனது. கடைசியில் என் வீட்டுக்காரர், என்னை ஏற்றினால் ஆபத்து, கூட்டாளிகளோடு தனுஷ்கோடி போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டுதான் வந்தது.

ஒத்திகைக்கு ராசிங்காபுரம் வரை தனியாகப் போனவர், முகம் வெளுத்துத் திரும்பினார்.

“நான் இல்லாமயுமா ஆடுச்சு?” என்றேன்.

“பின்னாடி கனம் இல்லைல்ல, அதான்.”

ஏறினாலும் குற்றம், ஏறாவிட்டாலும் குற்றம். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தேன். சப்பளிந்து கிடந்தது.

“காத்து எவ்வளவு வச்சிருக்கீக?”

“பாதிதான். ஜீப்புக்காரவுக எல்லாரும் எறக்கித்தான மலைக்கு ஓட்றாக?”

கல்லில் பிடிமானத்துக்காக ஜீப்பில் செய்வதை, தார் ரோட்டில் பறக்கிற இரண்டு சக்கர வண்டிக்குச் செய்திருக்கிறார். காற்றுக் குறைந்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போன எந்தப் பெண்ணும் இந்த மடத்தனத்தைச் செய்யமாட்டாள். பெட்ரோல் பங்குக்குத் தள்ளிப்போய்க் காற்று நிரப்பச் சொன்னேன். மெக்கானிக்கிடம் இறுக்கியதைத் தளர்த்த வைத்தேன். பெட்டியைக் கழற்றிவிட்டு, சாமான்களைப் பைகளில் போட்டு இரண்டு பக்கமும் தாழத் தொங்கவிட்டேன். இருவருமாகத் தேனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி நூல் பிடித்தது போலப் போனது.

திரும்புகிற வழியில் ஜீப் ஸ்டாண்டில் நிறுத்தினார். நான் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார்:

“இப்ப ஆடுறதே இல்ல மாப்ளே. இவளுக்கு ஒழுங்கா உக்காரக் கத்துக்குடுத்துட்டேன்ல.”

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அந்த வாரமே மதுரை ரயிலேறி, அங்கிருந்து பஸ் மாறி, தனுஷ்கோடிக் கடலைத் தனி ஒருத்தியாகப் பார்த்துவிட்டு வந்தேன்.