ஏழாவது நரம்பு

என் மனைவி நர்சிங் படிப்பில் சேர்ந்தபோது அவளுக்கு வயது முப்பத்தொன்று. மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தாள். இன்டரில், அதாவது பிளஸ் டூவில், பைபிசி என்கிற உயிரியல் பிரிவு எடுத்து நன்றாகப் படித்தவள்தான், கல்யாணத்தோடு நின்றுபோயிற்று. திருப்பதியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்ததும் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் யோசித்தார்கள். நான் நகரியிலிருந்து திருப்பதிக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். காலையில் என் பஸ்ஸில் ஏறிப் போவாள், மாலையில் என் பஸ்ஸிலேயே திரும்புவாள்.

முதல் வருடம் முழுக்க உடம்பைப் பற்றிய பாடம். எலும்பு, தசை, இதயம் எல்லாம் அவளுக்கு எப்படியோ பிடிபட்டுவிட்டன. நரம்பு மண்டலம்தான் அழவைத்தது. புத்தகம் இங்கிலீஷ், வகுப்பு பாதி தெலுங்கு, இவள் மனசுக்குள் ஓடுவது தமிழ்.

"ஒரு நரம்ப மூணு பாஷைல தேடிக்கினு கீறேன் மாமா," என்று ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள்.

"உடம்பு இல்லாம உடம்ப எப்டிமே படிப்ப? இந்தா," என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தேன்.

அன்றிலிருந்து மாலை வேளைகளில் நான்தான் அவளுடைய படம். மகளின் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு என் முதுகில் கோடு போடுவாள். பிடரியிலிருந்து ஒரு நீலக் கோடு. அது தண்டுவடம். முதுகெலும்பின் அடிவரைக்கும் வருமென்று நான் நினைத்திருந்தேன். இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிடுமாம். அதிலிருந்து இரண்டு பக்கமும் முப்பத்தொரு ஜோடி நரம்புகள். "என் வயசும் அதான்," என்று அதை மட்டும் முதல் நாளே மனப்பாடம் செய்துவிட்டாள். முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை விர்ரென்று போகிறதே, அந்த நரம்பைப் பச்சையில் வரைந்தாள். ஒருநாள் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து முழங்காலுக்குக் கீழே சப்பாத்திக் கட்டையால் தட்டினாள். என் கால் தானாக எகிறி அவள் கையிலிருந்த நோட்டைத் தட்டிவிட்டது.

"சத்தியமா நான் ஒதைக்கல," என்றேன்.

"தெரியும். மூளைய கேக்காமலே தண்டுவடம் ஒதைக்க சொல்லிச்சி," என்று சந்தோஷமாக நோட்டைப் பொறுக்கினாள். மகள் அதற்காகவே இன்னும் பத்து தடவை தட்டினாள்.

மறுநாள் என் காலருக்கு மேலே நீலக் கோடு எட்டிப் பார்த்ததை டிரைவர் கண்டுபிடித்தார். "இன்னாபா, ஊட்டுக்காரம்மா ரூட் போட்டு உட்டாங்களா?" என்று கேட்டு நாள் முழுக்கச் சிரித்தார்.

மூளையிலிருந்து நேராக வரும் பன்னிரண்டு ஜோடி நரம்புகள்தான் கடைசிவரை அவளுக்கு வரிசையாக நிற்கவில்லை. அதற்கு நான் வழி சொன்னேன். எங்கள் பஸ் நிற்கும் இடங்களில் பன்னிரண்டை எடுத்து வரிசையாக ஒட்டவைத்தோம். முதலாவது வாசனை நரம்பு. நகரி பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி வாசனை. ஏழாவது முகத்தை அசைக்கும் நரம்பு, அது புத்தூர். பத்தாவது தொண்டையிலிருந்து இதயம், வயிறு வரைக்கும் அலைந்து திரியும் வேகஸ். அதற்கு வடமாலைப்பேட்டை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்டாப்பிலும் உதட்டை அசைத்துக்கொண்டே வருவாள். பக்கத்தில் இருப்பவர்கள் சாமி பெயர் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் காலை. அன்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி, முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். இரண்டு நாளாக என் வலது காதுக்குப் பின்னால் வலித்துக்கொண்டிருந்தது. ஜலதோஷம் என்று விட்டுவிட்டேன். வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரத்தில் தானாக வழிந்தது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் கிளம்பும்போது விசிலை வாயில் வைத்து ஊதினேன். காற்றுதான் போனது, சத்தம் வரவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"வாய் கோணிக்கினு கீதுபா!"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் பக்கவாதம் என்றார். பின் சீட்டு அம்மா ஒருவர், புறா ரத்தம் தடவினால் சரியாகிவிடும் என்று தெலுங்கில் சொன்னார். என் தகப்பனார் பக்கவாதத்தில்தான் படுத்தார். ஆறு வருடம் எழவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் என் மனைவிக்குப் போன் செய்துவிட்டு, எங்கேயும் அதிக நேரம் நிற்காமல் ஓட்டினார்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அவள் யூனிபாரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கீழே இறக்கி சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"புருவத்த தூக்கு மாமா."

தூக்கினேன்.

"ரெண்டையும்."

"ரெண்டையுந்தான் தூக்கறேன்."

"கண்ண மூடிக்கினு ரெண்டு கையையும் முன்னால நீட்டு. அப்டியே வெச்சிக்கோ."

நீட்டினேன். கை எதுவும் தாழவில்லை. அவள் என் வலது நெற்றியைக் கட்டைவிரலால் தடவினாள். புருவத்தைத் தூக்கியபோது அங்கே ஒரு சுருக்கம்கூட விழவில்லையாம்.

"புத்தூர்," என்றாள் மெல்ல.

"இன்னாமே?"

"ஏழாவது நரம்பு. நெத்திக்கி மூளைல ரெண்டு பக்கத்துலேர்ந்தும் சேதி வரும். மூளைல ஒரு பக்கம் அடிபட்டா வாய் கோணும், நெத்தி தப்பிச்சிக்கும். ஒனக்கு நெத்தியும் அசையல. அப்டின்னா கோளாறு மூளைல இல்ல, வெளியில வர்ற நரம்புல. ஆனா நான் பஸ்ட் இயர் தான். டாக்டர் பாத்து சொல்லட்டும், எந்திரி."

டாக்டர் பார்த்தார். அதையேதான் சொன்னார். காதுக்குப் பின்னால் குறுகலான எலும்புக் குழாய் வழியாக அந்த நரம்பு வருகிறது, அதற்குள்ளேயே வீங்கி நசுங்கியிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்று மாத்திரை எழுதினார். கண்ணைக் காயவிடக் கூடாது என்று சொட்டு மருந்தும் கொடுத்தார்.

மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. வலது கண் மூடவே மூடாது. படுக்கும்போது அவள் இமையை இறக்கிப் பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள். சோறு கன்னத்துக்குள் போய் ஒதுங்கிக்கொள்ளும். நாக்கில் ஒரு பக்கம் உப்பும் தெரியாது புளிப்பும் தெரியாது. அந்தக் காதுக்கு மட்டும் தட்டு விழுந்தால் பட்டாசு வெடித்தது போலக் கேட்கும். இத்தனையும் அந்த ஒரே நரம்பின் வேலை என்று அவள் சொன்னபோது, அது இருப்பதே தெரியாமல் இத்தனை வருடம் சிரித்திருக்கிறேனே என்று இருந்தது.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் என் காதுக்கு முன்னாலிருந்து நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து என்று விரலால் ஐந்து கிளை இழுத்துப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூஞ்சி கோணிக்கினு கீறேன். ஒனக்கு நான் புஸ்தகமா?"

அவள் புத்தகத்தை மூடினாள். பிறகு சொன்னாள்.

"அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல ஒன்ன பாத்ததும் படிச்சது எல்லாம் மறந்துட்சி மாமா. மாமனார் படுத்துக்கினு இருந்ததுதான் கண்ணுல வந்துச்சி. ஒன்ன புருவத்த தூக்க சொன்னது பதில் தெரிஞ்சி இல்ல. ஏதாவது ஒண்ணாவது அசையுமான்னு பாக்கத்தான். இனிமே அந்த மாரி மறக்கக்கூடாது. அதான் தொட்டுத் தொட்டு பாக்கறேன்."

நான் முகத்தை அவள் பக்கம் திருப்பினேன். "இந்தா, படி," என்றேன். ஐந்து கிளையையும் மறுபடி முதலிலிருந்து இழுத்தாள்.

நான்காவது வாரம் கண்ணாடி முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து கன்னத்தை உப்பவைத்துக்கொண்டிருந்தோம். அது எனக்கு டாக்டர் சொன்ன பயிற்சி. மற்ற இரண்டு பேரும் துணைக்கு. "நைனா, இந்தப் பக்கம் துள்ளுது," என்று மகள்தான் முதலில் பார்த்தாள். வாய் ஓரத்தில் மீன் குஞ்சு அசைவதுபோல் ஒரு துடிப்பு. என் மனைவி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை.

இரண்டு மாதத்தில் முகம் ஏறக்குறைய பழையபடி ஆகிவிட்டது. இப்போதும் பலமாகச் சிரித்தால் வலது கண் கொஞ்சம் தானாகச் சுருங்கும். திரும்ப வளர்ந்த நரம்பு இழைகளில் சில வழி தவறி வேறு தசைக்குப் போய்விட்டனவாம். ஏழாவது நரம்பைப் பற்றித் தேர்வில் ஒரு கேள்விகூட வரவில்லை. சிறுநீரகம்தான் வந்தது. ஆனாலும் தேறிவிட்டாள்.

இப்போது இரண்டாம் வருடம். வார்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு மாலையில் ஏறுவாள். கூட்டம் குறைந்ததும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்வேன். என் மேல்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு உடனே தூங்கிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை மரத்துப்போகும். எடுத்துவிட்டால் எறும்பு ஊறுவதுபோல் உயிர் திரும்பும் என்று தெரியும். ஆனாலும் யாராவது இறங்க வேண்டும் என்று குரல் கொடுக்கும்வரை கையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.