மோட்டார் ஓடாத நாள்

என் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பப் போனார். அங்கே கரண்ட் நூற்றுப் பத்து வோல்ட்டாம். இங்கே இருநூற்று முப்பது. அதற்காக உளுந்தூர்பேட்டையில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி வாங்கினார். செங்கல் கனம். கரண்டைப் பாதியாகக் குறைக்கும்.

எனக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரி. அவருக்கும் அப்படித்தான். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்.

பகலில் எங்கள் ஊர்க் கரண்டே பாதிதான். சுற்றிலும் கரும்பு. எல்லா மோட்டாரும் ஓடும். பல்பு சிவப்பாக எரியும். அதையும் பெட்டி பாதியாக்கினால் அவர் குரல் இழுக்கும். அதனால் பகலில் பெட்டியைக் கழற்றிவிட்டு நேராகவே சொருகுவோம். மோட்டார்கள் நின்ற பிறகுதான் பெட்டி. சவுதி செட் இருந்த மற்ற வீடுகளிலும் இதுதான் வழக்கம்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்ட வாரம் அது. மறியலுக்கு முந்தின நாள், எல்லாரும் படுத்த பிறகு ஒரு கேசட் வந்து சேர்ந்தது. தையில் வந்துவிடுவாரா, மாட்டாரா என்பது அதில்தான் இருந்தது.

மறுநாள் காலை வேலை முடித்து நேராகச் சொருகினேன்.

"இன்னா, எல்லாரும் நல்லா கீறீங்களா?" என்றார். அவ்வளவுதான். உர்ரென்று ஒரு சத்தம். புகை.

ஊர் ஆண்கள் எல்லாம் ரோட்டில், மறியலில். ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. கரண்ட் முழுசாக வந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவில்லை.

"எம்புள்ள தொண்டையையே பொசுக்கிட்டியேடி" என்றாள் மாமியார்.

"கேசட்டு நல்லாத்தான் கீது அத்தை. செட்டுதான் போச்சு."

"டீச்சர் வூட்டுல பேட்டரி செட்டு கீதே, போ. முழுசா கேட்டுக்கினு வா. பாதில எழுந்து வந்துடாத."

சர்ச் தெரு டீச்சர் பஸ் இல்லாமல் வீட்டில் இருந்தார். கேசட்டைப் போட்டுவிட்டு, "புருஷன் பொண்டாட்டி பேச்சு, எனக்கு எதுக்கு? கோழிய பாக்குறேன்" என்று வெளியே போனார்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேன்னு கையெழுத்து போட்டுட்டேன். வூடு கட்டணும்ல" என்றார் கேசட்டில் என் வீட்டுக்காரர். பிறகு கன்றுக்குட்டியைப் பற்றிக் கேட்டார். மாமியார் சொன்னபடி முழுசாகக் கேட்டேன்.

நான் வீடு திரும்பியபோது மாமியார் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தைக்கு வர்ல, அத்தை. ரெண்டு வருஷம் ஆவுமாம்."

உள்ளே திரும்பி டேப் ரிக்கார்டரைப் பார்த்தாள். பிறகு, "அந்த செட்ட இன்னா பண்றது?" என்றாள்.

"அவரு வந்து பாத்துக்கட்டும்."

பழைய துண்டு ஒன்றை அதன்மேல் போட்டு மூடினேன்.