முனை முறிந்த பழம்

இன்று வோபர்ன் பக்கத்துத் தமிழ்க் கடைக்கு நாரத்தங்காய் வந்திருந்தது. ஊறுகாய்க்கென்று எடுத்தவள், சும்மா ஒன்றை முகர்ந்தேன். பிறகு ஒன்றும் வாங்காமல் காருக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதிலும் மூக்கு மட்டும் சொல்வழி கேட்பதில்லை.

கனடாவுக்கு வந்த புதிதில், ஒரு யூத வீட்டில் படுக்கையிலிருந்த ஹன்னாவைப் பராமரிக்கும் வேலை எனக்கு. பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார், வாய் வரவில்லை. அன்ரி என்றேன். அவர் கணவரும் கேட்காமலே அங்கிள் ஆகிவிட்டார்.

இலையுதிர்காலத்தில் அவர்களுக்குக் கூடாரப் பண்டிகை. நாரத்தை போன்ற ஒரு பழத்தைக் கையில் ஏந்தி ஆசி சொல்வார்கள். அதை வைக்கவென்றே ஒரு வெள்ளிப் பெட்டி. மூடியெல்லாம் திராட்சைக் கொடி. அன்ரியின் கல்யாணத்துக்கு வந்தது. பண்டிகைக்கு முதல் நாள், பெட்டியைத் துடைத்து வை, பழத்தை நான் வந்து எடுக்கிறேன் என்றார் அங்கிள். எனக்குக் கெட்டிக்காரி என்று பெயரெடுக்கும் அவசரம். நானே எடுத்தேன். விழுந்தது. நுனியிலிருந்த சிறு முனை முறிந்துபோனது. முனை போனால் பழம் ஆசிக்கு ஆகாது என்று அங்கிள் முன்பே சொல்லியிருந்தார்.

குளியலறைக்குள் நின்று, வேலை எடுத்துத் தந்த தவமணி அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"சாமிச் சாமானையே விழுத்தினனீ? ஒளிக்காதை. போய் உள்ளதைச் சொல்லு."

சொன்னேன். அங்கிள் வெகுநேரம் பழத்தைப் பார்த்தார். வேறு வாங்க நேரமில்லை. அன்ரிக்குச் சொல்லவேண்டாம், இது அவளுக்குக் கடைசிப் பண்டிகை என்றார்.

மறுநாள் காலை பெட்டியைக் கட்டிலடிக்குக் கொண்டுபோனோம். அன்ரிக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. பழத்தை வாங்கி முகர்ந்தார். பெருவிரல் மெல்ல நுனிக்குப் போய், அங்கே எதையோ தேடி, நின்றது. பிறகு கண்ணை மூடி ஆசி சொன்னார். பழத்தைத் தந்தபோது என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, ஏன் இப்படிக் குளிர்ந்திருக்கிறது என்று கேட்டார். வெளியே குளிர் என்றேன்.

முதல் பனி கொட்டுமுன் போய்விட்டார். துக்கவீட்டில் அங்கிள் என்னைத் தனியே கூப்பிட்டார். முனை முறிந்தது அன்றே அவளுக்குத் தெரியும் என்றார். பிள்ளை பயந்துபோயிருக்கிறாள், எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே என்று அவரிடம் சொன்னாளாம்.

இரண்டு வருடத்தில் அங்கிளும் போனார். பெட்டி யாரிடம் போனதோ. வீட்டை இடித்து இரண்டு உயரமான வீடுகள் கட்டிவிட்டார்கள். அன்ரியின் அறை மாடியில், தெருப் பக்கம் இருந்தது. அது எந்த வீட்டுக்குள் போனது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை.