பத்மாக்காவும் வாவி தாண்டி வந்த பசளையும்

போன செவ்வாய்க்கிழமை காலை சித்தாண்டியிலிருந்து பத்மாக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா போயிட்டா சின்னம்மா. தேத்தண்ணி கேட்டவ. நான் ஊத்திக்கொண்டு வாறத்துக்குள்ள…" என்றாள்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் பலருக்கு அவரைப் பிரசவம் பார்த்த மிஸியாகத் தெரியும். வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே பிள்ளைத்தாய்ச்சிகள் கிளினிக் அட்டையைத் தேடுவார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். ஒரு தடவை கொஞ்சம் எருப் பசளைக்காக அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

யுத்த காலம். நகரிலிருந்த சிறிய கிளினிக்கில் அவர் மருத்துவமாது, நான் மருந்து கொடுப்பவள். பக்கத்துப் பள்ளிக்கூடம் அகதிமுகாமாகியிருந்தது. சந்தைக்கு மரக்கறி வருவது நின்று, எங்கள் அலுமாரியில் இரத்தம் ஊறக் கொடுக்கும் இரும்புக் குளிசையும் முடிந்துபோயிருந்தது. பத்மாக்கா கர்ப்பிணிகளின் கீழிமையை விரலால் இழுத்து, இரத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆறு மாதக் கர்ப்பிணியான சரசுவின் வெளுத்த இமையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றது நினைவிருக்கிறது. அந்த வாரம் யாரோ முகாமுக்கு விதைப் பைக்கற்றுகள் கொடுத்துவிட்டுப் போனார்கள். சலாது இலையும் முளைக்கீரையும். பள்ளி வளவோ வெறும் உப்பு மணல். பள்ளி அதிபர் விட்டுப்போன பூச்சாடிகளையும் பால்மா ரின்களையும் தேடி எடுத்தோம்.

அவற்றை நிரப்ப வாவியோரம் ஒதுங்கிக் கிடந்த பாசியையும் ஆற்றுவாழையையும் குவித்து, அரைகுறையாக மக்கியதுமே போட்டோம். விதை முளைத்தது. பத்து நாளில் இலை விளிம்பெல்லாம் கருகியது. பத்மாக்கா அந்தப் பசளையில் ஒரு பிடியைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"உப்புக் கரிக்கிது புள்ள, வாவிப் பாசிதானே. பிழை விதையில இல்ல."

"முகாமுக்குப் பின்னால மாடு நிக்கிது. அந்தச் சாணியப் போடுவமே?" என்றேன்.

"இந்த இலையப் பச்சையாத் தின்னப்போறாளுகள். பச்சைச் சாணியில வளர்த்துக் குடுத்தா வயித்தால போகும். இரிக்கிற ரெத்தமும் போயிரும். நல்லா உக்கின பழைய எரு வேணும். கையில எடுத்தா மண் மாதிரி உதிரணும், மணக்கப்படாது."

அப்படியான எரு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்து மாட்டுப்பட்டிகளில்தான் இருந்தது. வாரம் ஒருமுறை நாங்கள் கிளினிக் நடத்தப் போகும் ஊர். போக வர இராணுவச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். அங்கே ஒரு பட்டிக்காரர் போன வருடத்து எருவை இரண்டு பையில் கட்டிக் கொடுத்தார். சைக்கிள் கரியர்களில் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு வந்தோம். சாவடியில் சிப்பாய் ஒருவன் பையைத் திருப்பியபோதுதான் அதில் இருந்த எழுத்தைக் கண்டேன். பழைய யூரியாப் பை. யூரியா என்றால் வெடிமருந்துக்கு என்று நினைக்கிற காலம் அது. அந்தப் பெயருக்காகவே ஆட்களைப் பிடித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

வெயிலில் எங்களை நிறுத்தினார்கள். எருவைத் தெருவில் கொட்டச் சொல்லி இரும்புக் கம்பியால் குத்திக் கிளறினார்கள். அடையாள அட்டைகளை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். வீட்டில் என் இரண்டு பிள்ளைகளும் தனியே இருந்தார்கள். "விட்டுட்டுப் போவம் அக்கா" என்று மெல்லச் சொன்னேன்.

"இப்ப விட்டுட்டுப் போனா இன்னும் சந்தேகப்படுவானுகள். நில்லு."

உச்சி வெயில் சாய்ந்த பிறகு ஓர் அதிகாரி வந்தார். பத்மாக்கா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கர்ப்பிணிகள், கீரை, சாடி என்று சொல்லிக்கொண்டே குனிந்து ஒரு பிடி எருவை அள்ளி நீட்டினார். உள்ளங்கையில் ஒரு மண்புழு நெளிந்தது. அதிகாரி அதையும் அவருடைய சீருடையான வெள்ளைச் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, எருவைக் கொண்டுபோகலாம், பைகளைத் தர முடியாது என்றார். பத்மாக்கா குழந்தைகளை நிறுக்கும் தொட்டில் துணியைக் கிளினிக் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தார். அதில் கொண்ட மட்டும் அள்ளிக் கட்டினோம்.

வாவிப் பாலம் தாண்டியதும் நான் வெடித்தேன். "நமக்கு ஒண்டு நடந்திருந்தா ஆரு கேக்கிற?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார். "எனக்கும் கால் நடுங்கினதுதான். நீ காணல்ல."

அந்த எரு பாதிச் சாடிகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் மிச்சத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்றார். அந்த நாள் வந்ததும் நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஆள் அனுப்பினேன். அவர் தனியே போனார்.

வீட்டில் இருக்க முடியாமல் பின்னேரம் கிளினிக்குக்குப் போய் யன்னலருகே நின்றேன். வழக்கமாக மூன்று மணிக்கு வந்துவிடுவார். நாலாயிற்று. வாவிக்கு அப்பால் எங்கோ வெடிச்சத்தம் கேட்டது. சாவடியை மூடிவிட்டார்கள் என்று தெருவில் ஒருவர் சொல்லிக்கொண்டு போனார். பத்மாக்காவின் பிள்ளைகளிடம் போய் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். சாவடியை மறுபடி திறந்திருக்க வேண்டும்; ஐந்தரைக்கு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் அரிசிச் சாக்கு நிறைய எரு.

சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நேரே வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தார். நெற்றி குளிர்ந்து கிடந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. எத்தனை நெற்றிகளைத் தொட்ட கை.

"காய்ச்சல் விட்டுட்டு" என்றார். "வா, சாடிய நிரப்புவம்."

அந்தக் கீரையை முகாம் பெண்கள் மூன்று மாதம் சம்பலாகவும் சலாதாகவும் தின்றார்கள். சரசு சுகமாகப் பெற்றாள். கீரையால்தான் என்று நான் சொன்னபோது, "அதுக்குள்ள குளிசையும் வந்திட்டுதானே, கதை கட்டாத" என்றார்.

அந்தப் பொய்யைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு சொல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. பத்மாக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எருவின் ஈரத்தோடு என் நெற்றியில் இருந்த அந்தப் புறங்கைதான்.