டாரலின் டிரம் பற்றி லொரெட்டா எழுதியது

லொரெட்டா ப்ரிட்சார்டுக்குப் பிடித்த பாட்டு ஒன்றாவது உண்டா என்று எங்கள் ஊர் ஆக்ரனில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அவளுக்கு எடிட்டராக இருந்து குப்பை கொட்டியவன் நான். எனக்கே தெரியாது. வார நாட்களில் ஒரு பல் டாக்டரிடம் வேலை, ஊரார் பல்லில் இருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பாள். சனிக்கிழமை வந்தால் எங்கள் இலவச வாரப் பத்திரிகைக்கு இசைத்தட்டு விமர்சனம். இரண்டு வேலையையும் ஒரே மாதிரிதான் செய்தாள், ரத்தம் வந்தால் வரட்டும் என்று.

சும்மா சொல்லக்கூடாது, பாரபட்சம் கிடையாது. எங்கள் தேவாலயப் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்கு ஒரு சிடி போட்டது. பாவம், வயசானவர்கள், ஆசையாகப் போட்டார்கள். "இவர்கள் பாடுவதைக் கேட்டால் குழந்தை இயேசு அழுதிருக்காது, தூங்கிப் போயிருக்கும்" என்று எழுதிவிட்டாள். பாதிரியார் போனில் என்னைப் பிடித்துக் காய்ச்சி எடுத்தார். அவளிடம் சொன்னால், "யோவ் ஃப்ளாய்டு, அவர் நல்லா பிரசங்கம் பண்ணட்டும், நான் நல்லா எழுதறேன். என் வேலைக்குள்ள அவர் ஏன் தலையிடறாரு?" என்றாள்.

ஆனால் ஒன்று. திட்டின வாயாலேயே, "லொரெட்டா எழுதினா சரியாத்தான்யா இருக்கும்" என்றும் சொன்னார்கள். பொய் எழுதமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும்.

இப்போது லாம்ப்ஷேட்ஸ் என்ற இசைக்குழுவின் கதைக்கு வருகிறேன். டயர் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊரில் கிளம்பிய நாலு பையன்கள். கண்ணுக்கு மை, கழுத்தில் ஷூ லேஸ் அகலத்துக்கு டை, காலை அசைக்க முடியாத பேன்ட், கீபோர்டில் இரண்டு விரல். அதற்கு நியூ வேவ், புது அலை என்று பேர் வைத்திருந்தார்கள். பாடகன் கீத் ஸ்வோபோதா, பக்கத்து ஊர் பார்பர்ட்டனில் கோழி வறுக்கும் கடைக்காரரின் மகன். மேடையில் அவன் பேர் கிட் சவாய். ஓஹையோவைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கியிருக்கமாட்டான், பாடினால் லண்டன்காரன் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு பாடுவான். "தண்ணீர்" என்ற வார்த்தை அவன் வாயில் பட்ட பாட்டைக் கேட்டால் தாகமே போய்விடும்.

அவர்களுடைய முதல் கச்சேரியைப் பற்றி லொரெட்டா எழுதினாள்: "நாலு பேரில் மூன்று பேர் போஸ் கொடுக்கிறார்கள். டாரல் யூஹாஸ் மட்டும் வாசிக்கிறான்."

டாரல்தான் டிரம்மர். அவனுடைய இடது கை எப்போதும் ஒரு மயிரிழை தாமதமாகத்தான் விழும். பிசகு இல்லை, அவன் அடியே அப்படி. லேசாகக் காலைச் சாய்த்து நடக்கிறவனைப்போல அந்தப் பாட்டுகள் நடக்கும். கேட்கிறவன் கால் தானாக ஆடும். கீத் அத்தனை கண்றாவியாகப் பாடியும் அந்தப் பாட்டுகள் டி.வி.யில் வந்ததற்கு அந்தக் கைதான் காரணம் என்று லொரெட்டா மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கீத்துக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். மூன்றாவது தட்டுக்கு முன்னால் தானாகவே தாளம் அடிக்கும் ஒரு டிரம் மெஷினை வாங்கிவைத்துக்கொண்டு டாரலை அனுப்பிவிட்டான். மெஷின் எதிர்த்துப் பேசாதாம். வெட்கங்கெட்ட பயல், ஒரு பேட்டியில் அதைப் பெருமையாக வேறு சொன்னான்.

டாரல் ஊருக்குத் திரும்பி, ஆர்லிங்டன் சாலையில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து விளையாடும் பௌலிங் கூடத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். லேன்களுக்குப் பின்னால், விழுந்த கட்டைகளைத் தூக்கி நிறுத்தும் இயந்திரங்களுக்கு நடுவே அவன் காலம் போனது. மறுபடி டிரம் பக்கம் போகவே இல்லை. முன்னால் பந்து உருட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு ஆள் அங்கே இருப்பதே தெரியாது.

இருபது வருஷம் கழித்து, ஒரு பனிக்காலத்தில், லாம்ப்ஷேட்ஸின் மொத்தப் பாட்டுகளையும் திரட்டி இரண்டு சிடியாகப் போட்டார்கள். தலைப்பு "மொத்தமும் நாங்களே". அட்டையில் பழைய படம், ஓரத்தில் மீசை முளைக்காத டாரல். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. டயர் போன ஊருக்குப் பெருமைப்பட ஏதாவது வேண்டுமே! பௌலிங் கூடத்து முதலாளி வாசலில் "எங்கள் டாரல்!" என்று பேனர் கட்டினார். காலையிலிருந்து அந்த சிடிதான் ஸ்பீக்கரில் ஓடியது. பீர் வாங்கித் தந்தார்கள், கையெழுத்துக் கேட்டார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

லொரெட்டா அந்த சிடியை எங்கள் ஆபீஸில் உட்கார்ந்துதான் கேட்டாள். ஹெட்போனை மாட்டினவள் மூன்றாவது பாட்டிலேயே கழற்றி மேஜைமேல் போட்டாள்.

"ஃப்ளாய்டு, இது டாரல் இல்ல."

"என்னது?"

"டிரம் அடிக்கிறது டாரல் இல்லங்கிறேன். மெஷின். எல்லாப் பாட்டையும் புதுசா பாடிப் பதிவு பண்ணிட்டு பழைய படத்தைப் போட்டு விக்கிறானுங்க. இந்தா, நீயே கேளு. தாமதம் எங்க? ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி போகுது பாரு."

கேட்டேன். என் காதுக்கே தெரிந்தது. பழைய பதிவுகளின் உரிமை அவற்றை வெளியிட்ட இசைத்தட்டுக் கம்பெனியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, கம்பெனிக்கும் கீத்துக்கும் ஆகாது. அதனால் எல்லாவற்றையும் புதிதாகச் சமைத்திருக்கிறான். மிச்சப் பாட்டுகளையும் கேட்டுவிட்டு அட்டையை முன்னும் பின்னும் புரட்டினோம், ஒரு இடத்தில்கூட அதைச் சொல்லவில்லை. டாரல் பேர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது.

"மாட்டினான்டா கீத்!" என்றேன். வாரக்கணக்கில் ஊர் இதைத்தான் பேசும் என்று எனக்குக் கை அரித்தது. "முதல் பக்கத்துல போடறேன். எழுது."

"இரு. டாரலுக்கு இது தெரியுமா?"

அந்தச் சனிக்கிழமை மத்தியானமே இரண்டு பேரும் பௌலிங் கூடத்துக்குப் போனோம். டாரலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒரு அம்மாள் தன் பேத்தியை இழுத்து வந்து, "இந்த அங்கிள்தான்டி அது, கேளு, கேளு, இப்ப அடிக்கிறாரே!" என்று ஸ்பீக்கரைக் காட்டினாள். டாரல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். எங்களைப் பார்த்ததும் நேரே வந்தான்.

"லொரெட்டா, கேட்டியா?"

"கேட்டேன்."

"ரெண்டு தட்டும்? முழுசா?"

"முழுசா கேட்டாச்சு, டாரல்."

"அப்ப எழுது. யாருக்கும் தாட்சண்யம் பாக்காதே. நீ எழுதுவேன்னுதான் இருக்கேன்." சொல்லும்போது அவன் கண் பளபளத்தது. அதற்குள் யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

வெளியே காரில் ஏறியதும் லொரெட்டா வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்தாள்.

"அவன் மூஞ்சியப் பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். அதனால?"

"அவனுக்குத் தெரியல ஃப்ளாய்டு. அடிக்கிறது தானேதான்னு நினைச்சுக்கிட்டிருக்கான். இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரு மனுஷன் அவனைத் திரும்பிப் பாக்கறான். 'அடேய், அது நீ இல்ல, மெஷின்'னு ஊரறிய நான் எழுதணுமா? அந்த பேனரை அப்புறம் யாரு இறக்குவா, அவனேவா?"

"பாதிரியாருக்கே தாட்சண்யம் பாக்காதவ நீ! இவனுக்கு என்ன புதுசா கரிசனம்?"

"வாய மூடுய்யா. அவனுக்காக ஒரே ஒரு வரி. மத்ததெல்லாம் கிழிக்கறேன்."

கிழித்தாள். அவள் எழுதியதிலேயே நல்ல விமர்சனம் அதுதான் என்பேன். "ஒரு வாலிபனின் சட்டையை ஐம்பதை நெருங்கும் வயதில் போட்டுப் பார்த்து, பட்டன் தெறித்ததைக் கலை என்கிறார் கிட் சவாய்" என்று ஆரம்பித்தது. லண்டன் வாய்க்கு ஒரு பாரா. "இரண்டு விரல் கீபோர்டில் ஒரு விரலைக் குறைத்திருக்கலாம், பாதிச் சித்திரவதை மிச்சமாகியிருக்கும்." எல்லாம் முடித்து, கடைசியில், அவள் சொன்ன அந்த ஒரே வரி: "இந்த இரண்டு தட்டிலும் உயிரோடு இருப்பது டாரல் யூஹாஸின் கை மட்டும்தான், அன்றைக்கு அடித்ததைப் போலவே இன்றைக்கும் காதில் விழுகிறது."

அதை அச்சுக்கு அனுப்பும்போது அந்தப் பொய்யை என்னால் விழுங்க முடியவில்லை. அவளிடம் சொல்லவும் சொன்னேன். "விழுங்க முடியலேன்னா தண்ணி குடி" என்றாள்.

பத்திரிகை வெளிவந்த அன்று சாயங்காலம் அவளே என்னை பௌலிங் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவன் சந்தோஷப்படுவதைப் பார்க்க வேண்டுமாம். அப்படியெல்லாம் அவள் யாரையும் பார்க்கப் போனதே கிடையாது. முதலாளி அதற்குள் அந்தக் கடைசி வரியைக் கத்தரித்து, ஷூ வாடகைக்குத் தரும் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிவிட்டிருந்தார். டாரல் எங்களைப் பார்த்தான், சிரிக்கவில்லை. தலையால் கூப்பிட்டான். லேன்களுக்குப் பின்னால், எண்ணெய் நாற்றமும் இரைச்சலுமாக இருந்த அந்தச் சந்துக்குள் போனோம்.

"என்ன லொரெட்டா இது?" என்றான்.

"ஏன், பிடிக்கலையா?"

"அது நான் இல்லைன்னு உனக்குத் தெரியாது?"

லொரெட்டா பார்வையைத் தாழ்த்தினாள். நான் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தெரியும்" என்றாள். "உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்."

"என் கை எனக்குத் தெரியாதா?" அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "முதல் பாட்டுலயே தெரிஞ்சுபோச்சு. ராத்திரி முழுக்க உக்காந்து கேட்டேன், ஒரு பாட்டுலயாவது என்னை விட்டுவெச்சிருக்கானான்னு. ஒண்ணுலயும் இல்ல."

"அப்ப ஏன்டா சிரிச்சுக்கிட்டு நின்னே? வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே!"

"யாருகிட்ட? நான் சொன்னா என்ன சொல்லுவானுங்க? வெளிய தள்ளின வயித்தெரிச்சல்ல பேசறான்பானுங்க. முதலாளியே அதான் சொல்லுவாரு. நீ சொன்னா நம்புவாங்க. இந்த ஊர்ல உன் காது ஒண்ணுதான் எனக்குச் சாட்சி. எழுதுன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொன்னேனே, லொரெட்டா!"

"அடுத்த வாரமே எழுதறேன். தப்பா எழுதிட்டேன்னு எழுதறேன். ஃப்ளாய்டு, முதல் பக்கத்துல போடுவே இல்ல?"

நான் தலையாட்டினேன். டாரல் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"அடுத்த வாரம் எழுதினா, நான் வந்து உன் கால்ல விழுந்து எழுதவெச்சேன்னு ஆகும். அதுக்கு இதுவே இருக்கட்டும்." பதினோராவது லேனில் கட்டை சிக்கியிருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அங்கே போய்க் குனிந்தான். லொரெட்டா இரண்டு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இரைச்சலில் கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தானோ, திரும்பவில்லை.

வெளியே வரும்போது கவுண்டரில் யாரோ வெளியூர்க்காரன் ஷூ வாங்க நின்றுகொண்டிருந்தான். ஸ்பீக்கரில் மெஷின் அடித்துக்கொண்டிருந்தது.

"நிஜமாவே உங்க ஆள் அடிச்சதா இது?" என்று கவுண்டர் பெண்ணைக் கேட்டான். "சும்மா விளம்பரத்துக்குச் சொல்லலையே?"

அவள் புதுசு, லொரெட்டாவை முகம் தெரியாது. கண்ணாடியில் ஒட்டியிருந்ததை விரலால் தட்டினாள்.

"இந்தாங்க, படிச்சுப் பாருங்க. எங்க லொரெட்டாவே எழுதியிருக்காங்க. பெத்த அம்மாவைக்கூடப் பொய்யாப் பாராட்டமாட்டாங்க அவங்க."

அவன் முழுசாகப் படித்தான். "அப்ப சரிதான்" என்று சொல்லிவிட்டு, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே அந்தத் தாளத்துக்குத் தலையாட்ட ஆரம்பித்தான்.