பிளைமவுத்தின் பின்பாதி

தவளக்குப்பத்தில் புதிதாகத் திறந்த ஓட்டலில் அத்தாவைச் சோபாவில் உட்காரவைத்தபோது, பழைய ரெக்சின் வாசனை மூக்கில் ஏறியது. திடுக்கிட்டுக் குனிந்தேன். பின்விளக்குக்குக் கீழே, தேரோட்டத்தன்று மாடு முட்டிய பள்ளம். அது சோபா அல்ல. பாதியாக அறுக்கப்பட்ட எங்கள் பிளைமவுத் கார்.

வில்லியனூரில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அது நின்ற நாட்களில், வெள்ளிக்கிழமை காலைகளில் அத்தா ஜவுளிக்கடைக்குப் போகாமல் ஈரத்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருக்க, நானும் அக்காவும் கட்டில்போல் அகன்ற பின்சீட்டில் படுத்து, தகரத்தில் அணில் ஓடும் சத்தத்தையும், சாவி திருகியதும் இஞ்சின் இருமி இருமிப் பிறகு உறுமுவதையும் கேட்டுக் கிடப்போம். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. காரை விற்றபோது, "மெட்ராசுல ஒருத்தர் ஓட்டறதுக்கு வாங்கினு போறார்த்தா" என்று அவரைத் தேற்றியவள் நான்தான். வாங்கியவர் என்னிடம் அப்படித்தான் சொன்னார்.

அத்தாவின் விரல்கள் அறுபட்ட தகட்டின் விளிம்பில் நின்றன.

"இன்னாம்மா இது? நம்ம வண்டியா?"

"ஆமாத்தா" என்றேன்.

"எழுப்பி வுடும்மா. இது மேல உக்காந்தா எனக்குச் சோறு எறங்காது."