கம்மலில் ஒரு கைரேகை

ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். காப்பி. வாசல் கூட்டல். செடிகளுக்குத் தண்ணீர். ஓவனுக்குள் இருக்கும் தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்து வைத்தேன் - ஓவனைப் போட்டாலும் போடாவிட்டாலும் தினமும் துடைப்பேன். எட்டு மணிக்கு, நான் கணக்குப் பார்க்கும் கிளினிக்கின் வாசலில், வருகை பதியும் கைரேகை மெஷினோடு வழக்கமான சண்டை. கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. விரலைத் துடைத்துவிட்டு வைத்தேன். மறுபடியும் சிவப்பு.

"மெஷின் பழசாயிடுச்சு, மாத்தச் சொல்லுங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இதுவும் வழக்கம்தான்.

மதியம் விடுதலை. காடியை ஓட்டிக்கொண்டு நேராகப் புந்தோங், புஷ்பா அக்கா வீடு.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் சனிக்கிழமைப் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் - பாலிமர் களிமண். பேர்தான் களிமண், உண்மையில் அது மெத்தென்ற ஒரு பிளாஸ்டிக். பிசைந்து, வடிவம் பிடித்து, சின்ன ஓவனில் சுட்டால் கெட்டியாகிவிடும். அதில் கம்மலும் பதக்கமும் செய்கிற பெண்கள் கொஞ்சப் பேர் ஈப்போவில் கூடுகிறோம். மாதத்துக்கு ஒரு தலைப்பு. அவரவர் செய்ததைக் கொண்டுவந்து புஷ்பா அக்காவின் சாப்பாட்டு மேசையில் பரப்ப வேண்டும். பிறகு பாராட்டு, கிண்டல், கடிக்கக் கறிப்பாப்.

இந்த மாதத் தலைப்பு - தோட்டம்.

எங்கள் பக்கம் தோட்டம் என்றால் ரப்பர் தோட்டம்தான். எனக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ரப்பர் கொட்டை. பழுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகப் புள்ளி விழுந்த அந்த ஓட்டைவிட அழகான கம்மல் உண்டா? தாப்பாவுக்குப் போகும் வழியில், இன்னும் வெட்டாமல் விட்டிருக்கிற நாலு மரத்தடியில் குனிந்து பொறுக்கி வந்தேன். தராசில் களிமண்ணை எடை போட்டு, நிறம் கலந்தேன். தூசி படாமலிருக்க, ரேகை விழாமலிருக்க, கையுறை மாட்டி உருட்டினேன். சுட்டு எடுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் முதலில் சொரசொரப்பு, பிறகு நைஸ், பிறகு அதைவிட நைஸ் என்று தேய்த்தேன். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் மெருகு. ஜோடியில் எது வலது, எது இடது என்று எனக்கே தெரியாது. அவ்வளவு சுத்தம்.

இத்தனை பாடு எதற்கு? இந்தச் சனிக்கிழமை சல்மா வருவதாக இருந்தது.

சல்மாவின் குடும்பம் பழைய டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறது. பக்கத்துக் கடையைச் சல்மா துணிக்கடையாக்கியிருக்கிறாள். கல்லாவுக்கு எதிரில் ஒரு கண்ணாடி அலமாரி. தீபாவளி வரைக்கும் அதில் எங்களில் ஒரே ஒருவரின் நகை - பெயர் எழுதிய அட்டையோடு. ஆறு வருடமாகச் செய்கிறேன். என் கம்மல்கள் நாத்தனார், சம்பந்தி, கிளினிக் நர்ஸ் ஆகியோரின் காதுகளைத் தாண்டியதில்லை. முகம் தெரியாத ஒருத்தி, யார் செய்தது என்று கேட்டு, என் பெயரைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். அந்த அலமாரி எனக்கு வேண்டும். வேறு யாருக்கும் போகக் கூடாது.

குறிப்பாக மாலாவுக்கு.

மாலா சித்தியவான் ஊர்க்காரி. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தராசு கிடையாது, தெர்மாமீட்டர் கிடையாது. ரொட்டி வாட்டுகிற குட்டி ஓவனில் சுடுகிறாள். "எப்படித் தெரியும், வெந்துடுச்சுன்னு?" என்று ஒருமுறை கேட்டேன். "வாசம் வரும்லக்கா" என்றாள். என்ன வாசம்? இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு வாசமும் வந்ததில்லை. அவளுக்கு ஒன்றுகூடக் கருகியதும் இல்லை. இது நியாயமா?

ஒன்று கவனித்திருக்கிறேன். கைப்பேசியில், லட்சம் பேர் பின்தொடர்கிற ஏதோ ஒரு நாட்டுக் கலைஞரைப் பார்த்தால் எனக்குப் பொறாமை வருவதில்லை. சந்தோஷமாக ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடுகிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் கத்தரிக்கோலை இரவல் வாங்குகிறவள்மேல்தான் வயிறு எரிகிறது. பொறாமைக்குத் தூரப் பயணம் ஒத்துக்கொள்வதில்லை போலும்.

"பசியாறிட்டுத்தான் வந்தீங்களா, இல்ல நேரா கிளினிக்லேர்ந்தா?" என்று வரவேற்றார் புஷ்பா அக்கா. நான் பதில் சொல்வதற்குள் மாலா தன் பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் கொட்டினாள்.

ரப்பர் கொட்டைகள்.

அதே யோசனை... என்னிடமிருந்து எடுத்தது என்றும் சொல்ல முடியாது. நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. ஒன்று குண்டு, ஒன்று சப்பை. ஒன்றில் புள்ளி அதிகம், இன்னொன்றில் கீறல். மேசைமேல் உருண்டு ஓடி, ஒன்று கறிப்பாப் தட்டில் மோதி நின்றது. நிஜக் கொட்டை என்று நினைத்துப் புஷ்பா அக்கா அதை எடுத்து ஜன்னல் வழியாக வீசப் போனார்.

"அக்கா, அது கம்மல் லா" என்று கையைப் பிடித்தாள் மாலா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த மாதிரி முகத்தை வைத்திருந்தேன்.

சல்மா வந்தாள். மேசையைச் சுற்றிப் பொறுமையாகப் பார்த்தாள். மாலாவின் கொட்டை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். அப்போதுதான் என் கண்ணில் அது பட்டது - ஓட்டின் முதுகில் ஒரு கட்டைவிரல் ரேகை. எங்கள் கைவேலையில் இதைவிடப் பெரிய குறை கிடையாது. சுடுவதற்கு முன்னால் தடவி அழிக்க வேண்டும். இல்லையென்றால் சுட்ட பிறகு தேய்க்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா?

"மாலா, ரேகை விழுந்திருக்கு பாரு. சல்மா கையில இருக்கிறதுல" என்றேன். அக்கறையோடு சொல்கிற குரலில்.

"அலாமாக், பாக்கவே இல்லக்கா."

"அடையாளக் கார்டுக்கு ஐ.சி. ஆபீஸ்ல கொடுக்க வேண்டியத கம்மல்ல கொடுத்திருக்கா" என்றார் புஷ்பா அக்கா.

சல்மா கொட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "எங்கே... ஆமா. சுழி சுழியா, எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். "நான் கவனிக்கவே இல்லக்கா. நல்லவேளை காட்டினீங்க. கடைக்கு வர்றவங்க இதத்தான் கேப்பாங்க, கையால செஞ்சதுக்கு என்ன அத்தாட்சின்னு."

காட்டியது நான். வேறு யாருமில்லை.

பிறகு என் தட்டுக்கு வந்தாள். வரிசையாக அட்டையில் குத்தி வைத்திருந்த ஜோடிகளைப் பார்த்தாள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "இது எங்கே ஆர்டர் போட்டீங்கக்கா? ஆன்லைன்லயா?"

தட்டை என் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.

"நான் செஞ்சது" என்றேன்.

"சோரிக்கா. ஃபேக்டரி சாமான் மாதிரி அவ்வளவு ஒழுங்கா இருக்கா, அதான்..."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அலமாரி மாலாவுக்குப் போயிற்று. நான் என் அட்டைகளை டப்பாவில் அடுக்கத் தொடங்கினேன், பெரியது கீழே, சிறியது மேலே. வீட்டுக்குப் போய்விட்டால் போதும் என்றிருந்தது. அப்போது மாலா நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு உதவி. ஜோடியா வேணுமாம். எனக்கு எது எதுக்கு ஜோடின்னே தெரியல. எல்லாம் ஒவ்வொரு மாதிரி இருக்கு."

"ஏன், வாசம் வரலயா?" என்றேன். அதிலிருந்த குத்தல் புஷ்பா அக்காவுக்கு மட்டும் புரிந்தது. சிரிப்பை அடக்க அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

மாலா சிரித்தாள். "அதுக்கு வாசமெல்லாம் இல்லக்கா. உங்க கண்ணு மாதிரி கண்ணு வேணும்."

முடியாது, நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குவியலாகக் கிடக்கும் எதையும் அப்படியே விட்டுவிட்டுப் போகிற பிறவி இல்லை நான். குண்டுக்குக் குண்டு. கீறலுக்குக் கீறல். சாம்பல் தூக்கலானதைத் தனியே ஒதுக்கினேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுக்க எடுக்க, வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. நான் மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளும் இப்படித்தான் இருந்தன - எதுவும் எதைப் போலவும் இல்லாமல். அவற்றிலிருந்து ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதையே திரும்பத் திரும்பச் செய்தது யார்?

இந்த ஞானம் வந்ததும் பொறாமை போயிற்று என்று எழுத ஆசைதான். போகவில்லை. இன்னும் கொஞ்சம் கூடியது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. எதனோடும் சேராத கொட்டை. பார்த்தால், அந்தக் கைரேகை விழுந்ததுதான்.

"ஒத்தைய வச்சு நான் என்ன செய்யப் போறேன், நீங்களே வச்சுக்குங்கக்கா" என்றாள் மாலா. என் கத்தரிக்கோலையும் மறக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள், ஞாயிறு. காப்பிக்கும் முன்னால், வாசல் கூட்டுவதற்கும் முன்னால், ஒரு துண்டுக் களிமண்ணைப் பிசைந்து கொட்டையாகப் பிடித்தேன். அந்த ஒற்றைக்கு ஜோடி செய்ய வேண்டும். ஜோடி சேர்ப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாதல்லவா? முதல் முறையாகக் கையுறை மாட்டவில்லை. முதுகில் கட்டைவிரலை வைத்து நன்றாக அழுத்தி எடுத்தேன்.

ரேகை விழவில்லை. இன்னும் அழுத்தினேன். ஆறு வருடம் உப்புத்தாள் தேய்த்த விரல்... மழமழவென்று ஒரு குழி, அவ்வளவுதான்.

பாவம், அந்த கிளினிக் மெஷின். அது பழசே இல்லை.